சுவருக்குள் ஓடுவது

மதியச் சாப்பாடு முடிந்து வீடு அடங்கிவிட்டது. அடங்காதவை இரண்டு. ஒன்று, மகள் தாரிணி படுத்திருக்கும் அறையில் ஓடிக்கொண்டிருக்கும் ஏசி. இன்னொன்று, அந்த அறைக்கு வெளியே கூடத்தில் நாற்காலியைப் போட்டு, காலையிலேயே கடைசிப் பக்கம் வரை படித்து முடித்த பேப்பரை மறுபடி விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பொன்னுரங்கம். அவர் மனைவி கமலவல்லி பாய்கூட இல்லாமல் வெறும் தரையில் படுத்திருந்தாள். அக்கினி நட்சத்திரத்தில் உறையூரில் பாயும் சுடும் என்பது அவள் கட்சி. பொன்னுரங்கத்தின் கண் பேப்பரில் இருந்தது, காது அறைக்குள் இருந்தது. ஏசி ஒரு ‘டக்’ போட்டுவிட்டு ஓயும், கொஞ்ச நேரம் வெறும் காற்று வரும், பிறகு மறுபடி ஒரு ‘டக்’. அந்த இரண்டாவது டக்கில்தான் அவருக்கு உயிர் போய்த் திரும்பும். மெஷின் கிளம்பும்போது கரண்டை ஒரே மடக்காகக் குடிக்கும். அதைத் தாங்க வேண்டியது சுவருக்குள் கிடக்கும் அலுமினியக் கம்பி. அவருடைய அப்பா இந்த வீட்டைக் கட்டிய நாளில் செம்பு விற்ற விலைக்கு யார் வாங்கினார்கள், தெருவே அலுமினியம்தான் போட்டது, வீட்டுக்கு நாலு பல்பு, ஒரு ஃபேன், ஒரு ரேடியோ, அதற்கு அது தாராளம். குறை சொல்ல முடியாது, பாவம், அது தன் வேலையைச் செய்தது. அப்புறம் கிரைண்டர் வந்தது, ஃபிரிட்ஜ் வந்தது, வாஷிங் மெஷின் வந்தது, தலை தீபாவளிக்கு மாப்பிள்ளை வந்தார், மாப்பிள்ளைக்கு வேர்க்கக் கூடாதென்று ஏசி வந்தது. கம்பி மட்டும் அதே கம்பி.

அலுமினியத்தைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பெரிய கடை வீதியில் எலக்ட்ரிக்கல் சாமான் கடையில் கவுண்டருக்குப் பின்னால் நின்றே தலை நரைத்தவர் அவர். மீசை அரும்பின வயதில் அவரே முழம் போட்டு அறுத்துக் கொடுத்த அலுமினியக் கம்பி இந்த ஊரில் எத்தனை சுவர்களுக்குள் கிடக்கிறதோ, அதை நினைத்தால் தனியாக ஒரு பயம் வருகிறது, அந்தப் பயத்துக்கு இன்றைக்கு இடமில்லை, தன் வீட்டுப் பயமே தலைக்கு மேல் நிற்கிறது. கம்பி நடுவில் கெடாது. கெடுவதெல்லாம் நுனியில்தான், ஸ்குரூவுக்கு அடியில், செம்போடு சேர்த்து முறுக்கிய இடத்தில். அலுமினியம் மெத்தென்ற சாதி, ஸ்குரூ அழுத்தினால் நசுங்கிக் கொடுத்துவிடும். சூடானால் புடைக்கும், ஆறினால் சுருங்கும், புடைத்துச் சுருங்கிப் பிடி விட்டுவிடும். மேலே வெள்ளையாக ஒரு பூச்சுப் பிடிக்கும், அப்புறம் கரண்ட் முட்டி மோதித்தான் தாண்ட வேண்டும், மோதுகிற இடம் கொதிக்கும். இதையெல்லாம் தெரிந்த மனுஷன் என்ன செய்தார்? தாரிணியை வளைகாப்பு முடித்துக் கூட்டி வருவதற்கு முன்னால் வீடு பளிச்சென்று இருக்கட்டும் என்று, பழைய கறுப்பு சுவிட்சையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, வழவழவென்று வெள்ளைப் பிளேட் வைத்த புது சுவிட்சாக மாட்டச் சொன்னார். பழகின கடையில் பாதி விலைக்குக் கொடுத்தார்கள். எலக்ட்ரீஷியன் ஆரோக்கியம் அப்போதே தலையைச் சொறிந்தான். அண்ணே, மேல மேக்கப் போட்டுட்டு உள்ள அப்படியே வுடுறோமே, ஏசி லைனையாவது புதுசா இழுத்துடுவோமா என்று கேட்டான். இழுக்கலாம்தான். ஆனால் சுவருக்குள் இருப்பது பழைய இரும்புக் குழாய், துருப்பிடித்து அடைத்துக் கிடக்கிறது, அதற்குள் புதுக் கம்பி நுழையாது. சுவரைக் கொத்த வேண்டும். சுவருக்கு மேலேயே பிளாஸ்டிக் பட்டை அடித்து அதற்குள் கம்பியைக் கொண்டுபோகலாம் என்றாலும் வழி நெடுகத் துளை போட வேண்டும். மாசமாக இருக்கிறவள் தங்கப்போகிற வீட்டில் அதெல்லாம் ஆகுமா?

ஆகாது. ஆணி அடிக்கக் கூடாது, துளை போடக் கூடாது, கொத்து வேலை கூடவே கூடாது. சுவரில் அடிக்கிற அடி வயிற்றில் விழும். சம்பந்தி வீட்டில் இங்கிலீஷ் பேசுகிறவர்கள்தான், அவர்களும் வளைகாப்பன்று கிளம்பும்போது, வீட்டில் வேலை எதுவும் வைத்துக்கொள்ளவில்லையே என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போனார்கள். தாரிணி பெங்களூரில் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுகிறவள், இதைக் கேட்டுச் சிரித்தாள். சிரித்துவிட்டு, வேண்டாம்ப்பா, அம்மா பயப்படறாங்க, அப்புறம் பாத்துக்கலாம் என்றாள். ஏசி சுவிட்சின் பிளேட் சுடுகிறது என்று அவர் கமலவல்லியிடம் சொல்லாமலில்லை. குழந்தை பிறக்கட்டும், அப்புறம் வீட்டையே இடிச்சுக் கட்டுங்க, இப்ப ஒரு குண்டூசி இறங்கக் கூடாது என்றாள். அப்படியானால் ஏசியை நிறுத்தி வைப்போமா என்றார். அதற்கு அவள் பார்த்த பார்வை இருக்கிறதே. பிள்ளைக்குக் கால் வீங்கிக் கிடக்கிறது, ராத்திரியெல்லாம் வயிற்றுக்குள் உதை, தூக்கம் பிடிப்பதே மத்தியானம் இந்தக் கொஞ்ச நேரம்தான், இந்த வெயிலில் ஏசியை நிறுத்து என்று சொல்கிற அப்பா உண்டா? அதோடு அவர் வாய் அடைத்துவிட்டது. திருச்சியில் கரண்ட் போகாதா என்று வேண்டிக்கொள்ளும் ஒரே ஆள் இப்போது தானாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். அது எப்போதும் போகிற கரண்டு, இந்த வருஷம் பார்த்துப் போவதே இல்லை.

உள்ளே டக். மெஷின் கிளம்பிவிட்டது. ஃபேன் ஒரு நொடி சோர்ந்து பிறகு சுதாரித்துக்கொண்டது. அப்படிச் சோரலாமா? முன்பும் சோர்ந்ததா? சோர்ந்திருக்கும், நாம் கவனித்திருக்க மாட்டோம். இல்லை, முந்தாநாள் இல்லை. முந்தாநாள் அவர் ஃபேனையா பார்த்துக்கொண்டிருந்தார்? அன்று தாரிணி குளிக்கப் போனபோது உள்ளே போய்ப் புறங்கையைப் பிளேட்டில் வைத்துப் பார்த்தார், காய்ச்சல்காரப் பிள்ளையின் கழுத்தில் வைக்கிற மாதிரி. சுட்டது. சுட்டதா, வெதுவெதுப்பா? வெயில் அடிக்கிற மேற்குச் சுவர், சும்மாவே சுடும். பக்கத்துச் சுவரில் வைத்துப் பார்த்தார், அதுவும் சூடுதான். மறுபடி பிளேட். கை ஒரே மாதிரிச் சொல்லாமல் அவரை அலைக்கழித்தது. அதற்குள் தாரிணி குளித்துவிட்டு வந்து, என்னப்பா சுவத்தைத் தடவிக்கிட்டு நிக்கறீங்க என்றாள். எறும்பு என்றார். வாயில் வந்தது அதுதான். அவளும் எறும்பைத் தேடினாள், நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து தேடினாள், அவருக்கு அழுகை வந்துவிட்டது. இவளை வைத்துக்கொண்டு ஏன் இந்தச் சுவரோடு இப்படிப் போராடுகிறோம், கூப்பிட்டுக் கொத்தச் சொன்னால் ஒரு பொழுது வேலை. கமலவல்லி தடுத்தாளா? தடுத்தாள். அவள் மட்டுமா? இந்த இடத்துக்கு வந்ததும் அவர் மனம் கால் வைக்காமல் சுற்றிக்கொண்டு போகும், தெருவில் நாய் படுத்திருந்தால் ஒதுங்கிப் போகிற மாதிரி. இன்றைக்கு ஒதுங்க இடமில்லை. ஆரோக்கியத்தைக் கூப்பிடப் போனை எடுத்து எடுத்து வைத்தது கமலவல்லிக்காக இல்லை. அவருக்கே கை வரவில்லை.

தாரிணிக்கு முன்னால் ஒன்று இருந்தது. அப்போது இந்த வீட்டில் விறகடுப்பு. அடுப்படிக்கு ஜன்னல் கிடையாது, புகை போக ஓட்டில் ஒரு பொத்தல், அது போதாது. கமலவல்லி வாயும் வயிறுமாகப் புகைக்குள் நின்று இருமிக்கொண்டிருப்பாள். கண் சிவந்து, முந்தானையால் துடைத்துத் துடைத்து இமையெல்லாம் புண். அவரால் பார்க்க முடியவில்லை. கொத்தனாரைக் கூட்டி வந்து பின்சுவரை இடித்து ஜன்னல் வைத்தார். அன்று அவள் அந்த ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள், காற்று வருதுங்க என்றாள், அவர் வாழ்நாளில் யாரும் அவரை அப்படிப் பார்த்ததில்லை. அப்புறம் சில நாளில் வலி கண்டது. ஏழாம் மாதம். பெரியாஸ்பத்திரி. ஆண் குழந்தை, ஒரு துணியில் சுற்றிக் கொடுத்தார்கள், கனமே இல்லை. வார்டுக்குள் வந்தபோது அவருடைய அம்மா கட்டிலருகே நின்றுகொண்டிருந்தாள். கமலவல்லி முகத்தைத் திருப்பாமலே சொன்னாள், சுவத்தை இடிச்சதாலதான் இப்படி ஆச்சு என்று. அவ்வளவுதான். அப்புறம் அவள் அதைச் சண்டையாக ஆக்கவில்லை, ஒரு நாளும் குத்திக் காட்டவில்லை. யார் கேட்டாலும் அதையே சொன்னாள், சுவத்தை இடிச்சோம், தங்கலே. இடித்தவர் அவர். தாரிணி வயிற்றில் இருந்த காலமெல்லாம் காலண்டரைக்கூட மாட்டாமல் டிரங்குப் பெட்டி மேல் சாய்த்து வைத்திருந்தார். கடையில் இருக்கும்போது அவர் பெரிய நாத்திகர் மாதிரி பேசுவார், ராகுகாலமாவது குளிகையாவது, கரண்டுக்கு அதெல்லாம் தெரியுமா என்பார். வீட்டில் ஒரு சுத்தியலைத் தூக்க இந்தக் கை எழும்பாது. நம்புகிறாரா என்று கேட்டால் இல்லை என்பார். அப்படியானால் கொத்து என்றால் மாட்டார். துணியில் சுற்றியதைக் கையில் வாங்கினவருக்குத்தான் அது புரியும்.

அப்போதுதான் வாசனை வந்தது. முதலில் அது வாசனை என்றே அவருக்குப் படவில்லை, ஏதோ நினைப்பு என்று விட்டுவிட்டார். மறுபடி வந்தது, மெல்லிய கவிச்சி. பக்கத்து வீட்டு மங்கையர்க்கரசி மீன் வறுக்கிறாள். அவள் கைப் பக்குவம் தெருவுக்கே தெரியும், மூக்குக்கு நேரே வந்து கூப்பிடும். மனம் லேசாகிப் பேப்பரைப் புரட்டினார். பெட்ரோல் விலை. காவிரியில் தண்ணீர். பேப்பரின் தலையில் தேதி, பக்கத்தில் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை. மங்கையர்க்கரசி வெள்ளிக்கிழமை முட்டைகூடத் தொடமாட்டாள். காலையில் வாசலில் பெரிய கோலம், குத்துவிளக்கு, தலைக்குக் குளித்த ஈரத்துண்டோடு வந்து கமலவல்லியிடம் பூ கொடுத்துவிட்டுப் போனாளே. அப்படியானால் மீன் யார் வீட்டில்? எதிர்வீடு பூட்டிக் கிடக்கிறது. அப்புறம் அவருக்குக் கடை ஞாபகம் வந்தது. கருகின பிளக்கைக் காகிதத்தில் மடித்து எடுத்து வந்து கல்லா மேல் வைப்பார்கள், முதலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு, இது எலக்ட்ரிக் கடையா மீன் மார்க்கெட்டா என்பார். அந்தப் பிளாஸ்டிக் வேகும்போது கவிச்சிதான் அடிக்கும். முதலில் கவிச்சி, அப்புறம்தான் புகை. எழுந்தது அவருக்கே தெரியவில்லை, அறைக் கதவைத் திறந்துவிட்டிருந்தார். குளிர் முகத்தில் வந்து அடித்தது. தாரிணி இடதுபுறம் சாய்ந்து, இரண்டு தலையணைக்கு நடுவில், வாய் லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். சின்ன வயதிலும் இப்படித்தான் தூங்குவாள். கையில் வளைகாப்புக் கண்ணாடி வளையல்கள், மூச்சுக்கு மூச்சு அவை லேசாக ஏறி இறங்கின. அவள் தலைக்கு நேர்மேலே வெள்ளைப் பிளேட். அதன் ஓரத்தில் டீ சிந்தின மாதிரி ஒரு பழுப்பு. முந்தாநாள் அது இல்லை. புறங்கையை வைத்தார், வைத்த வேகத்தில் எடுத்தார். இந்த முறை கை தெளிவாகச் சொல்லிவிட்டது.

எழுப்ப வேண்டும். எழுப்பி என்ன சொல்வது, பயந்துவிடுவாளே, நிறைமாதத்தில் திடுக்கிடக் கூடாது. ஏசி சுவிட்சை அணைத்தால்? அந்த சுவிட்சுக்குப் பின்னால்தான் வேகிறது, அதைத் தொட்டால் பொறி தட்டினால், அவள் தலைமாட்டில், பஞ்சு மெத்தை. கத்தலாமா, கமலவல்லியைக் கூப்பிடலாமா, கூப்பிட்டால் முதலில் சண்டை வரும், சண்டைக்கு நேரமில்லை. இப்படியெல்லாம் அவர் தலை ஓடிக்கொண்டிருக்க, கால் பாட்டுக்கு வாசலுக்குப் போய், மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் மெயினின் கைப்பிடியைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டது. ஃபேன் நின்றது. ஏசி நின்றது. ஃபிரிட்ஜ் ஒரு முறை உதறிவிட்டு ஓய்ந்தது. வீடு இவ்வளவு அமைதியாக இருந்து எவ்வளவு நாளாயிற்று. திரும்பி வந்து பேப்பரை எடுத்துக்கொண்டு, ஒன்றும் அறியாதவர் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஃபேன் நின்றால் கமலவல்லிக்குத் தூக்கம் போய்விடும். எழுந்து உட்கார்ந்து கொண்டையை முடிந்தாள். கரண்ட் போயிடுச்சா என்றாள். போயிடுச்சு என்றார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். பிள்ளை வேர்த்து எழுந்துடுமே என்று விசிறியைத் தேடப் போனாள். இரண்டு எட்டு வைத்திருப்பாள், பக்கத்து வீட்டில் மிக்ஸி கர்ரென்று அரைக்க ஆரம்பித்தது. மங்கையர்க்கரசிக்கு அரைக்க வேறு நேரம் கிடைக்கவில்லை. கமலவல்லி நின்றாள். சுவரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

“அந்த மிக்ஸி எதுல ஓடுது, தண்ணியிலயா?”

அவர் அறைக் கதவைக் கையால் காட்டினார். அவள் உள்ளே போனாள். போய் வருவதற்குள் அவர் என்னென்னவோ யோசித்தார். மகளை மங்கையர்க்கரசி வீட்டில் படுக்க வைக்கலாம். ராத்திரிக்கு? பிரசவம் வரைக்கும் ஓட்டலிலா வைக்க முடியும்? மாமியார் வீட்டுக்குத் திருப்பி அனுப்பினால், வளைகாப்பு முடிந்து பிறந்த வீடு வந்தவளை யார் அனுப்புவார்கள். ஒரு வழியும் இல்லை, சுவர்தான் வழி. கொத்தினால் பழையபடி ஏதாவது, கொத்தாவிட்டால் அந்தப் பழுப்பு. இரண்டு பக்கமும் அவர் கைதான். கமலவல்லி தாரிணியைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தாள். பிள்ளை தூக்கக் கலக்கத்தில், என்னம்மா, ஏசி நின்னுடுச்சா என்றாள். அவளை நாற்காலியில் உட்கார வைத்து, நெற்றியைத் துடைத்து, தண்ணீர் கொடுத்து, பக்கத்து வீட்டில் கொஞ்ச நேரம் படுத்துக்கோ என்று மங்கையர்க்கரசியிடம் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். வந்தவள் தன் வலது கையின் புறத்தை இடது கையால் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

“சுவத்தை உடைச்சிடுங்க” என்றாள்.

அவர் எழுந்திருக்கவில்லை. உடனே ஆரோக்கியத்துக்குப் போன் செய்திருக்க வேண்டும், அதைத்தானே இத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் வாயில் வந்தது வேறு.

“யோசிச்சு சொல்லு கமலா. மறுபடி நான்தான் இடிச்சேன்னு ஆயிடக் கூடாது.”

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. தாரிணி பிறந்து, வளர்ந்து, படித்து, கல்யாணமாகிப் போன இத்தனை காலத்தில் இந்த வீட்டில் யாரும் பேசாத பேச்சு அது. கமலவல்லி புரியாமல் பார்த்தாள். அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை என்பது அவருக்கு அதைவிட ஆச்சரியமாக இருந்தது.

“நான் எப்பங்க உங்களைச் சொன்னேன்? சுவத்தைத்தானே சொன்னேன்.”

“இடிச்சது யாரு?”

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டு மிக்ஸி நின்றுவிட்டிருந்தது. கொஞ்ச நேரம் முந்தானையைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“உங்கம்மா கட்டில்கிட்ட நின்னுக்கிட்டு இருந்தாங்க. அவங்க வாயைத் திறக்கறதுக்குள்ள நான் எது மேலயாவது பழியைப் போட்டாகணும். இல்லேன்னா, புள்ளையைத் தங்க வைக்கத் தெரியாதவன்னு என் மேல விழுந்துடும். அப்புறம் உங்களுக்கு வேற பொண்ணு பாக்கறேன்னு ஆரம்பிச்சிருப்பாங்க. சுவருக்கு வாயும் இல்ல, வலியும் இல்லேன்னு அது மேல போட்டேன். கேக்கறவங்ககிட்டல்லாம் அதையே சொல்லிச் சொல்லி எனக்கே நிஜமாப் போச்சு. உங்களுக்கு வலிச்சிருக்கும்னு எனக்குத் தோணவே இல்லைங்க.”

அவருக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. பரவாயில்லை என்று சொல்லலாம், ஆனால் அது பொய். ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம், அவர் மட்டும் கேட்டாரா? இத்தனை வருஷமாகச் சுமந்ததை இறக்கி வைக்கச் சொல்லிவிட்டார்கள், எங்கே வைப்பது என்று தெரியவில்லை, கை இன்னும் தூக்கிய மாதிரியே இருந்தது. இருபத்துநாலு வயதுக் கமலவல்லி அந்தக் கட்டிலில் தனியாகக் கிடந்ததை இப்போதுதான் பார்த்தார். பிள்ளையைப் பறிகொடுத்த மறுநிமிஷமே அடுத்து யார் என்ன சொல்வார்கள் என்று கணக்குப் போட வேண்டியிருந்திருக்கிறது அவளுக்கு. அவர் கதவுப் பக்கம் நின்றுகொண்டு தன்னைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நாற்காலியை விட்டு இறங்கி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். தரை கொஞ்சம் குளிர்ச்சியாகத்தான் இருந்தது, அவள் சொன்னது சரி.

அப்புறம் போனை எடுத்து ஆரோக்கியத்தைக் கூப்பிட்டார். பிளேட் பழுத்துவிட்டது, மெயினை இறக்கி வைத்திருக்கிறேன் என்றார். தொட்டுடாதீங்கண்ணே, நல்லவேளை பாத்தீங்க, ஆனா இப்ப நான் வந்து என்ன செய்யறது, அண்ணி கொத்த விடமாட்டாங்களே, சம்மதிச்சிட்டாங்களா என்று கேட்டான் அவன். ஆமாம் என்று சொல்லத்தான் பொன்னுரங்கம் வாயைத் திறந்தார். போனை அப்படியே கமலவல்லியிடம் நீட்டினார். அவள் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டே சொன்னாள்.

“சுத்தியல், உளி எல்லாம் எடுத்துக்கிட்டு வா, ஆரோக்கியம். நான்தான் சொல்றேன்.”